அச்சுக்கு அடியில் பாலிமர் எப்படி ஓடும்? நானோ இம்ப்ரிண்ட் சிமுலேஷனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து மோல்டிங் ஷாப் எதிலாவது ஒரு வாரம் நின்றவருக்கு இரண்டு சொல் மனப்பாடம் ஆகியிருக்கும்: ஷார்ட் ஷாட், ஃப்ளாஷ். அச்சு முழுக்க நிரம்பாமல் போனால் முதலாவது. இடுக்கு வழியே பிளாஸ்டிக் பிதுங்கினால் இரண்டாவது. நானோ இம்ப்ரிண்ட் என்பது வேஃபரில் (சிப் செய்யும் மெல்லிய சிலிக்கான் தட்டு) பூசிய பாலிமர் படலத்தில் அச்சை அழுத்தி நானோமீட்டர் அளவு வடிவங்களைப் பதிக்கும் முறை. அதிலும் ஷார்ட் ஷாட் உண்டு, பொருளும் அதேதான். ஃப்ளாஷ் மட்டும் இங்கே தவறு என்று எண்ணப்படுவதில்லை. அச்சின் மேட்டுக்கும் வேஃபருக்கும் நடுவே கொஞ்சம் பாலிமர் எப்போதும் சிக்கி நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் முழுசாக வெளியேறாது. அதை மீதிப் படலம் என்று சொல்வோம். கீழே வரும் கணக்கெல்லாம் அந்தப் படலத்தைச் சுற்றித்தான்.

தொழில்நுட்பத்தின் வரலாறு சுருக்கமாக: 1995-ல் ஸ்டீபன் சௌ, சிலிக்கான் வேஃபரில் பூசிய பி.எம்.எம்.ஏ. (அக்ரிலிக் பிளாஸ்டிக்) படலத்தைச் சூடாக்கி, அச்சு வைத்து அழுத்தி, 25 நானோமீட்டர் அளவுள்ள வடிவங்களைப் பதித்துக் காட்டினார். 1999-ல் டெக்சாஸில் கிராண்ட் வில்சன் குழு சூடே இல்லாமல், நீர்த்த திரவத்தை அச்சுக்கு அடியில் ஓடவிட்டுப் புற ஊதா ஒளியால் கெட்டியாக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த இயந்திரத்தைத்தான் கேனன் 2023 அக்டோபரில் சிப் ஆலைகளுக்கென்று அறிவித்தது. நாம் பெரும்பாலும் முதல் வகையைப் பார்ப்போம். பாலிமர் ஓட்டம் என்றால் என்ன என்பது அதில்தான் கண்ணில் படும்.

தேவையானது ஒரு லேப்டாப், பைதான், அதன் எண் கணக்கு நூலகமான நம்பை. எட்டு ஜி.பி. மெமரி போதும். ஓப்பன்ஃபோம் என்ற திரவ ஓட்டச் சிமுலேஷன் மென்பொருள் பிறகு தேவைப்படலாம், முதல் நாளே நிறுவ வேண்டியதில்லை. புதியவர்கள் செய்யும் பெரிய தவறே அதுதான்: நானோ என்ற சொல்லைப் பார்த்தவுடன் ஒரே ஒரு 50 நானோமீட்டர் பள்ளத்தை எடுத்து, அதை லட்சம் கணக்குக் கட்டங்களாகப் பிரித்து, மூன்று நாள் ஓட்டுவார்கள். அந்தப் பள்ளம் நிஜத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பிவிடும். தொல்லை தருவது பக்கத்திலேயே இருக்கும் 100 மைக்ரோமீட்டர் அகலச் சதுர மேடு. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

படி 1: காகிதத்தில் எழுத வேண்டியவை

கணினியைத் திறக்கும் முன் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அச்சில் உள்ள மேடுகளின் அகலம், பள்ளங்களின் அகலம், பள்ளத்தின் ஆழம். பூசிய படலத்தின் தடிமன். பாலிமரின் பெயர், அதன் மூலக்கூறு எடை, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கெட்டியான பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை, பேச்சு வழக்கில் டி.ஜி.). அச்சடிக்கும் வெப்பநிலை, அழுத்தம், அழுத்தி வைக்கும் நேரம்.

அச்சில் உள்ள மேடுகளிலேயே அகலமானது எது என்பதைத் தனியாக வட்டமிடுங்கள். அச்சையும் வேஃபரையும் நேர்படுத்தும் அலைன்மென்ட் குறி, லோகோ, வேஃபர் எண், ஓரப் பட்டை எல்லாம் இதில் சேரும். வரைபடம் போட்டவர் அவற்றை வடிவமாகவே எண்ணியிருக்க மாட்டார். பாலிமருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மூலக்கூறு எடையில் ஒரு எச்சரிக்கை. ஆய்வகங்களில் எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரையும் வேலைக்காக வாங்கி வைத்த பி.எம்.எம்.ஏ. பாட்டில் இருக்கும், அதில் 950 என்றோ 495 என்றோ போட்டிருக்கும், அதாவது 9,50,000 அல்லது 4,95,000. கையில் கிடைத்தது என்று அதையே இம்ப்ரிண்டுக்குப் பூசுவது அடிக்கடி நடக்கிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கும் அளவுக்கு நீளமானபின் பாகுநிலை (விஸ்காசிட்டி, அதாவது ஓட மறுக்கும் தன்மை) மூலக்கூறு எடையின் 3.4 அடுக்காக ஏறும். 50,000-ஐ விட 9,50,000 என்பது 19 மடங்கு. பாகுநிலையோ சுமார் 22,000 மடங்கு. இம்ப்ரிண்டுக்கு 50,000 முதல் 1,00,000 வரை உள்ளதை எடுங்கள். 50,000-லிருந்து ஒரு லட்சத்துக்குப் போவதே பத்து மடங்குக்குச் சற்று மேல் கெட்டியாக்கும்.

படி 2: கன அளவுக் கணக்கு

பாலிமர் நசுங்கிச் சிறுத்துவிடாது என்று கொள்ளலாம். மேட்டுக்கு அடியிலிருந்து போனதெல்லாம் பள்ளத்துக்குள் ஏறியாக வேண்டும். ஆகவே, பள்ளங்கள் நிரம்பிய நிலையில்:

மீதிப் படலம் = தொடக்கத் தடிமன் − (பள்ளத்தின் ஆழம் × பள்ளங்களின் பரப்புப் பங்கு)

படலம் 200 நானோமீட்டர், ஆழம் 200, பாதிப் பரப்பு பள்ளம் என்றால் மீதி 100 நானோமீட்டர்.

இதில் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேட்டுக்கு அடியிலிருந்து வெளியேறிய கன அளவைப் பள்ளத்தின் முழுக் கன அளவோடு சமன் செய்துவிடுவார்கள். அது தப்பு. அச்சு கீழே இறங்கும்போது பள்ளத்தின் கூரையும் கூடவே இறங்குகிறது. பாலிமர் மேலே ஏறுகிறது, கூரை கீழே வருகிறது, இரண்டும் நடுவழியில் சந்திக்கின்றன. படலம் 200, ஆழம் 100, பாதிக்குப் பாதி பள்ளம் என்று வைத்துப் பாருங்கள். தப்பான கணக்கு மீதிப் படலம் 100 என்று சொல்லும். சரியான விடை 150. இந்த 50 நானோமீட்டர் பிழையோடு பிளாஸ்மா எட்ச் (மீதிப் படலத்தைப் பிளாஸ்மாவால் அரித்து நீக்குவது) நேரத்தைக் குறித்தால், மீதிப் படலம் பாதி போயும் பாதி போகாமலும் நிற்கும்.

கணக்கில் மீதி எதிர்ம எண்ணாக வந்தால் படலம் போதவில்லை என்று பொருள். எந்த அழுத்தமும் அதைச் சரிசெய்யாது. பூச்சைத் தடிப்பாக்குங்கள்.

படி 3: அந்த வெப்பநிலையில் பாகுநிலை எவ்வளவு

பி.எம்.எம்.ஏ.வின் டி.ஜி. சுமார் 105° செ. அச்சடிப்பது அதற்கு 70 முதல் 90 டிகிரி மேலே. ஏன் இவ்வளவு மேலே என்பதற்கு வில்லியம்ஸ்–லாண்டல்–ஃபெர்ரி சமன்பாடு பதில் சொல்லும். டி.ஜி.யில் உள்ள பாகுநிலையோடு ஒப்பிட்ட விகிதத்தின் பத்தடி மடக்கை:

−17.44 × வேறுபாடு ÷ (51.6 + வேறுபாடு)

இங்கே வேறுபாடு என்பது அச்சடிக்கும் வெப்பநிலை கழித்தல் டி.ஜி. இந்த இரண்டு எண்ணும் எல்லாப் பாலிமருக்கும் தோராயமாகப் பொருந்துபவை. உங்கள் பாலிமருக்கென்று தனியாக அளந்த மாறிலிகள் கிடைத்தால் அவற்றையே போடுங்கள்.

155° செ.யில் (50 டிகிரி மேலே) இது −8.58. 195° செ.யில் (90 மேலே) −11.09. வித்தியாசம் 2.5, அதாவது சுமார் 300 மடங்கு இளகல். 165-க்கும் 175-க்கும் நடுவே மட்டும் நாலரை மடங்கு. ஹாட் பிளேட்டின் டிஸ்ப்ளே 175 என்று காட்டும், வேஃபரின் மேல்பரப்பு 165-ல் இருக்கும். அச்சும் சேர்ந்து சூடேற நேரம் கொடுக்காதபோது இது நடக்கிறது. அந்தப் பத்து டிகிரியால் உங்கள் நிரம்பும் நேரம் நாலரை மடங்கு தவறும். சிமுலேஷன் பொய் சொல்கிறது என்று புலம்புவோரில் பாதிப் பேருக்குத் தேவை சிமுலேஷன் அல்ல, வேஃபரின் மேல் ஒட்டிய ஒரு தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலை உணரி.

கீழே வரும் உதாரணங்களுக்குப் பாகுநிலையை 10,000 பாஸ்கல்-விநாடி என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு வசதியான எண், உங்கள் பாட்டிலின் எண் அல்ல.

படி 4: பிழிந்தெடுக்க எவ்வளவு நேரம்

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துத் தண்ணீருக்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. நடுவில் நிற்பதற்கு நெடுந்தூரம், அதிலும் ஆழம் குறையக் குறைய நகரவே நகராது. அகல மேட்டுக்கு அடியில் மாட்டிய பாலிமரின் நிலையும் அதுதான். வழி ஓரத்தில் மட்டும், அதுவும் நிமிடத்துக்கு நிமிடம் ஒடுங்கும் இடுக்கு.

நீண்ட கோடு போன்ற ஒரு மேட்டுக்கு, ஸ்டெஃபான் சமன்பாட்டிலிருந்து வருவது இது:

நேரம் = (பாகுநிலை × மேட்டின் அகலம்²) ÷ (2 × அழுத்தம்) × (1/இறுதித் தடிமன்² − 1/தொடக்கத் தடிமன்²)

எல்லாவற்றையும் மீட்டர், பாஸ்கல், விநாடியில் போட வேண்டும். அழுத்தம் 5 மெகாபாஸ்கல், ஷாப் பாஷையில் கிட்டத்தட்ட 50 கிலோ பிரஷர். நாலு அங்குல வேஃபர் முழுவதற்கும் இது சுமார் நாலு டன் சுமை. படலம் 200-லிருந்து 100 நானோமீட்டருக்கு இறங்க வேண்டும்.

மேட்டின் அகலம் 1 மைக்ரோமீட்டர்: 0.075 விநாடி.
10 மைக்ரோமீட்டர்: 7.5 விநாடி.
100 மைக்ரோமீட்டர்: 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம்.

அகலம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. இனி அதே 100 மைக்ரோமீட்டர் மேட்டின் கீழ் 20 நானோமீட்டர்தான் மிஞ்ச வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்: 24,750 விநாடி, ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பரோட்டா மாஸ்டர் உருண்டையை முதல் இரண்டு தட்டில் பாதி விரித்துவிடுவார், பிறகு தட்டத் தட்ட விரிவது குறைந்துகொண்டே போகும். அதே கதை இங்கே தடிமனின் இரண்டாம் அடுக்கில் நடக்கிறது.

ஆகவே ஒரு முடிவை இப்போதே எடுக்கலாம். அகலச் சதுரம் ஒன்று நேரத்தைத் தின்கிறது என்றால் அழுத்தத்தை இரட்டிப்பாக்கிப் பாதி நேரம் மிச்சம் பிடிப்பதைவிட, அந்தச் சதுரத்தைப் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள கோடுகளாக வெட்டி நடுவே பள்ளம் விடுவது நூறு மடங்கு லாபம். வரைபடத்தில் ஐந்து நிமிட வேலை.

புற ஊதா முறைக்கும் இதே சமன்பாடுதான். திரவத்தின் பாகுநிலை 0.01 பாஸ்கல்-விநாடி, அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல், 100 மைக்ரோமீட்டர் மேடு, 100-லிருந்து 20 நானோமீட்டர்: 1.2 விநாடி. சூடாக்கும் முறையில் ஏழு மணி நேரம் எடுத்தது இதுதான்.

படி 5: பைதானில் ஒரு வரிசை மேடுகள்

இப்போது பல அகலங்கள் கலந்த அச்சு. அச்சு வளையாத கட்டி என்று வைத்துக்கொண்டால் எல்லா மேடுகளும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். ஒரு மேடு தாங்கும் சுமை, ஒரு மீட்டர் நீளத்துக்கு:

பாகுநிலை × வேகம் × அகலம்³ ÷ தடிமன்³

எல்லா மேடுகளின் சுமையையும் கூட்டினால் நீங்கள் கொடுத்த மொத்தச் சுமை. அதைத் திருப்பிப் போட்டால் வேகம் கிடைக்கும். அகலத்தின் மூன்றாம் அடுக்கைக் கவனியுங்கள்: 10 மைக்ரோமீட்டர் மேடு ஒன்றும் 1 மைக்ரோமீட்டர் மேடுகள் பத்தும் இருந்தால், 99 சதவீதச் சுமையை அந்த ஒற்றை மேடே வாங்கிக்கொள்கிறது. சின்ன மேடுகள் சும்மா கூட இறங்குகின்றன, அவ்வளவுதான்.

நிரலின் ஓட்டம் இப்படி இருக்கும். மேடு, பள்ளம் அகலங்களை இரண்டு பட்டியலாகக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கணக்கிடுங்கள், தடிமன் ஒரு சுற்றில் 1 சதவீதத்துக்கு மேல் குறையாதபடி கால அளவைத் தேர்ந்தெடுங்கள், தடிமனைக் குறையுங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் பாலிமர் எந்த உயரத்தில் நிற்கிறது, கூரை எங்கே இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பாலிமர் கூரையைத் தொடும்வரை பள்ளத்தில் அழுத்தம் சுழி (வெற்றிடத்தில் அச்சடிப்பதாகக் கொண்டால்). தொட்டபின் அந்தப் பள்ளம் வடிகால் அல்ல. அதையும் இரு பக்கத்து மேடுகளையும் சேர்த்து ஒரே அகல மேடாகப் பட்டியலில் மாற்றிவிடுங்கள். பள்ளப் பகுதியில் ஓட்டத்துக்கு இடம் கூடுதல் என்பதால் இது நேரத்தைக் கொஞ்சம் மிகையாகக் காட்டும். முதல் மாதிரிக்கு அந்தப் பக்கம் தவறுவதே நல்லது.

தொடக்கத்தில் அச்சு பாலிமரைத் தொடுவது மேடுகளில் மட்டும். பாதிப் பரப்புதான் மேடு என்றால் 5 மெகாபாஸ்கல் என்பது அங்கே 10 ஆக விழுகிறது. பள்ளங்கள் நிரம்பியதும் மறுபடி 5. நிரலில் மொத்தச் சுமையை மாறாமல் வைத்தால் இது தானே வந்துவிடும்; அழுத்தத்தை மாறாமல் வைத்தால் வராது.

சோதனை இரண்டு. ஒரே ஒரு மேடு கொடுத்து ஓட்டினால் படி 4-ன் விடையோடு 1–2 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். எந்தச் சுற்றிலும் மொத்தப் பாலிமர் கன அளவு மாறக் கூடாது. இரண்டாவது தவறினால் பெரும்பாலும் கூரை இறங்குவதை மறந்திருப்பீர்கள்.

முழு ஓட்டமும் சில விநாடிகள். கத்திரி வெயிலில் மின்விசிறி இல்லாத அறையில் லேப்டாப் மூச்சு வாங்கினாலும் இதை முடித்துவிடும்.

படி 6: எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது

நிலைமம் தேவையில்லை. நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதமான ரெனால்ட்ஸ் எண் 10⁻¹⁵ அளவில் வரும். ஈர்ப்பும் அப்படியே.

பரப்பு இழுவிசை முறையைப் பொறுத்தது. 100 நானோமீட்டர் அகலப் பள்ளத்தில் அது தரும் அழுத்தம், இழுவிசை 0.03 நியூட்டன்/மீட்டர் என்று வைத்தால், அதிகபட்சம் 0.6 மெகாபாஸ்கல். 5 மெகாபாஸ்கலுக்கு முன் இது ஊறுகாய்தான். புற ஊதா முறையின் 0.1 மெகாபாஸ்கலுக்கு முன் இதுவே முழுச் சாப்பாடு: திரவத்தைப் பள்ளத்துக்குள் இழுப்பதே அதுதான். அச்சில் ஒட்டாமலிருக்க ஃப்ளூரின் பூச்சு போட்டிருந்தால் தொடுகோணம் (திரவ விளிம்பு சுவரோடு செய்யும் கோணம்) ஏறும்; அது 90 டிகிரியைத் தாண்டினால் இழுப்பதற்குப் பதில் தள்ளும். குறி மாறினால் விடை தலைகீழ். தொடுகோணத்தைக் கண்ணாடிக்கு உரிய எண்ணிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மீட்சித்தன்மையில்தான் கவனம் வேண்டும். உருகிய பாலிமர் பாதி ரப்பர். சிக்கலிலிருந்து சங்கிலிகள் தளர எடுக்கும் நேரம், பாகுநிலையை ரப்பர் நிலைக் குணகத்தால் (ரப்பர் போல நிற்கும்போது உள்ள விறைப்பு, பாஸ்கலில்) வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும்: 10,000-ஐ 3,00,000-ஆல் வகுத்தால் 0.03 விநாடி. மேட்டின் ஓரத்தில் சறுக்கு வீதம் (பாலிமர் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) = 3 × அழுத்தம் × தடிமன் ÷ (பாகுநிலை × அகலம்). 100 மைக்ரோமீட்டர் மேட்டுக்கு, 100 நானோமீட்டர் தடிமனில், இது விநாடிக்கு 1.5. தளரும் நேரத்தால் பெருக்கினால் 0.05, சாதாரணத் திரவம் என்றே எண்ணலாம். 1 மைக்ரோமீட்டர் மேட்டுக்கு விநாடிக்கு 150, பெருக்கல் 4.5. அங்கே பாகுநிலை சுமார் கால்பங்காக இறங்கும். சறுக்கு வீதம் ஏற ஏறப் பாகுநிலை குறைவதைச் சொல்லும் கிராஸ் மாதிரியை அடுக்கு 0.3 வைத்துச் சேர்க்கலாம். ஆனால் 0.075 விநாடி 0.02 ஆவதால் உங்கள் செயல்முறையில் எதுவும் மாறப்போவதில்லை. நேரத்தைத் தீர்மானிக்கும் அகல மேட்டில் சாதாரணத் திரவக் கணக்கே போதும். சின்ன வடிவங்களில் மீட்சித்தன்மை வேறு வழியில் பழிவாங்கும். தளர்வதற்குள் குளிரவைத்து விட்டால் உள்ளே உறைந்த இழுவை, பிறகு சூடுபடும்போது வடிவத்தைத் திரும்ப இழுக்கும். நிரம்பியபின் தளரும் நேரத்தைப் போல நூறு மடங்காவது சூட்டில் அழுத்தி வைத்திருங்கள். இந்த உதாரணத்தில் அது மூன்றே விநாடி.

மிக மெல்லிய படலம்: 50,000 எடையுள்ள பி.எம்.எம்.ஏ. சங்கிலியின் சுழல் ஆரம் (சுருண்டு கிடக்கும் சங்கிலியின் அளவைக் காட்டும் எண்) சுமார் 6 நானோமீட்டர். மீதிப் படலம் 20-க்கும் கீழே போகும்போது அந்த ஆரத்தைப் போல மூன்று மடங்கு இடம்தான் இருக்கிறது. டி.ஜி.யும் மாறும், ஆக்சைடு உள்ள சிலிக்கான் மேல் பி.எம்.எம்.ஏ.வுக்குச் சற்று ஏறும். மேலே சொன்ன சமன்பாடுகளை அங்கே நம்பிச் சண்டை போடாதீர்கள்.

படி 7: ஒரே பள்ளத்தின் உள்ளே

படி 5 நேரத்தைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. பள்ளத்துக்குள் பாலிமர் எந்த உருவில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் இரு பரிமாணச் சிமுலேஷன் தேவை. குறுகிய பள்ளத்தில் நடுவில் ஒரே திமிலாக எழும். படலத் தடிமனோடு ஒப்பிடப் பள்ளம் அகலமானால் இரு சுவர் ஓரமும் இரண்டு திமில்கள் முதலில் எழும், நடு தாழ்ந்தே நிற்கும். திமில்கள் கூரையைத் தொட்டு இரு பக்கமும் அடைத்துவிட்டால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். நடுவில் மட்டும் குழி விழுந்த கோடுகளைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வெற்றிடம் இழுத்தபின் அழுத்துங்கள். புற ஊதா முறையில் ஹீலியம் ஊதுவதும் இதற்காகத்தான். அது திரவத்திலும் அச்சிலும் கரைந்து போய்விடும்.

ஓப்பன்ஃபோமில் இரு பாய்மங்களைச் சேர்த்துக் கணக்கிடும் இன்டர்ஃபோம் இதற்குப் போதும், சில தந்திரங்களோடு.

அளவை மீட்டரில் கொடுக்காதீர்கள். ஒரு நானோமீட்டர் கட்டத்தின் கன அளவு 10⁻²⁷ கன மீட்டர்; மென்பொருளுக்குள் இருக்கும் சகிப்பு எல்லைகள் அதைச் சுழி என்று எண்ணிவிடும். 100 நானோமீட்டரை 1 என்று வையுங்கள், 5 மெகாபாஸ்கலை 1 என்று வையுங்கள். காலத்தின் அலகு பாகுநிலை ÷ அழுத்தம், அதாவது 2 மில்லிவிநாடி. பரப்பு இழுவிசை அப்போது 0.06 ஆகிவிடும்.

காற்றுக்கு நிஜப் பாகுநிலையைப் போடாதீர்கள். பாலிமருக்கும் காற்றுக்கும் விகிதம் கோடிக்கணக்கில் வரும், சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் திணறும். பாலிமரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுங்கள். பிறகு ஐநூறில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று வைத்து ஓட்டி, நிரம்பும் நேரம் அசையவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

அச்சு நகர நகரக் கட்டங்களும் நகரும் ஏற்பாடு முதல் முறைக்கு வேண்டாம். பாதிப் பள்ளம் போதும், நடுவில் சமச்சீர் எல்லை. மேட்டுக்கு அடியிலிருந்து வரும் ஓட்டத்தைப் படி 5-ன் வேகத்திலிருந்து எடுத்து, பக்கவாட்டு நுழைவாகக் கொடுங்கள். மீதிப் படலத்தின் குறுக்கே குறைந்தது பத்துக் கட்டம், பள்ளத்தின் அகலத்துக்கு இருபது. எல்லாத் திசையிலும் கட்டங்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். நிரம்பும் நேரம் 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் முதல் விடை செல்லாது. கரண்ட் போகும் ஏரியா என்றால் இடைநிலைக் கோப்புகளை அடிக்கடி எழுத வையுங்கள். ஐந்து மணி நேர ஓட்டம் நாலே முக்காலில் அணைவதைப் போல எரிச்சல் வேறில்லை.

படி 8: அச்சு வளைகிறதா

அச்சின் இடப் பாதியில் 30 சதவீதம் பள்ளம், வலப் பாதியில் 70 சதவீதம் என்று வைப்போம். ஆழம் 150, படலம் 200. கன அளவுக் கணக்கின்படி இடப்பக்கம் மீதி 155, வலப்பக்கம் 95. வளையாத அச்சு என்றால் இடப்பக்கப் பாலிமர் மில்லிமீட்டர் கணக்கில் நடந்து வலப்பக்கம் போயாக வேண்டும். 5 மில்லிமீட்டர் அகலத்தைப் படி 4-ல் போட்டுப் பாருங்கள்: சுமார் 22 நாள். அது நடக்காது. அச்சு வளையும்.

525 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான், 5 மில்லிமீட்டர் இடைவெளியில், 5 மெகாபாஸ்கலின் கீழ் சில மைக்ரோமீட்டர் வளையக்கூடியது. நமக்குத் தேவை வெறும் 60 நானோமீட்டர். 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அதே அச்சின் வளைவு நானோமீட்டருக்கும் மிகக் கீழே. எனவே: நூறு மைக்ரோமீட்டர் அளவில் அச்சைக் கட்டியாக எண்ணுங்கள், மில்லிமீட்டர் அளவில் ஒவ்வொரு பகுதியும் தன் தன் மீதிப் படலத்துக்கு இறங்கும் என்று எண்ணுங்கள். நடுவே உள்ள எல்லைப் பகுதிக்குத்தான் வளைவுச் சமன்பாட்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

95-க்கும் 155-க்கும் உள்ள வேறுபாட்டைச் செயல்முறையால் நீக்க முடியாது. வரைபடத்தில் காலி இடங்களில் போலிப் பள்ளங்களை நிரப்பி, பரப்புப் பங்கை அச்சு முழுக்கச் சமமாக்குவதுதான் வழி.

குளிரவைத்தல்

சுருக்கமாக: வெப்பநிலை டி.ஜி.க்குக் கீழே போகும்வரை அழுத்தத்தை விடாதீர்கள். பி.எம்.எம்.ஏ. என்றால் 70–80° செ. வந்தபின் பிரியுங்கள். நிக்கல் அச்சை சிலிக்கான் வேஃபரில் பயன்படுத்தினால், 100 டிகிரி குளிர்வதற்குள் 10 மில்லிமீட்டருக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர் விரிவு வேறுபாடு வரும்; ஓரத்துக் கோடுகள் பக்கவாட்டில் கிழிவது அதனால். அந்தக் கிழிசலுக்குக் காரணம் தேடிச் சிமுலேஷனில் ஓட்டத்தைத் துருவிக்கொண்டிருக்காதீர்கள்.

நிஜத்தோடு ஒப்பிடுதல்

சென்னை ஐ.ஐ.டி, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி, மும்பை ஐ.ஐ.டி போன்ற மையங்களின் நானோ வசதிகளை வெளி மாணவர்கள் பயன்படுத்த, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனர் திட்டம் இருக்கிறது. விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பக்கத்திலுள்ள கிண்டி. விண்ணப்பத்தில் மேலே போட்ட கணக்குகளை ஒரு பக்கமாக இணையுங்கள்.

பூசுவதற்கு முன் வேஃபரையும், பூசியபின் படலத்தையும் ஹாட் பிளேட்டில் உலர்த்துவது இங்கே கட்டாயம். கடலோரக் காற்றில் ஈரம் ஆண்டு முழுக்க இருக்கும், பி.எம்.எம்.ஏ. அதை உறிஞ்சும். அனிசோலில் கரைத்த பி.எம்.எம்.ஏ.வுக்கு 180° செ.யில் 90 விநாடி. மிச்சமிருக்கும் அனிசோலும் ஈரமும் டி.ஜி.யை இறக்கும், அச்சுக்கு அடியில் குமிழும் விடும். உங்கள் நிரலில் இரண்டுமே இல்லை.

முதல் சோதனையில் ஒரே நேரம் வேண்டாம். படி 4 சொல்லும் நேரத்தில் கால், பாதி, முழு, இரு மடங்கு என்று நான்கு துண்டுகள் அடியுங்கள். முழுசாக நிரம்பிய மாதிரி எதையும் சொல்லித் தராது. எந்தப் பாகுநிலை போட்டிருந்தாலும் அது நிரம்பியிருக்கும். பாதியில் நின்றதுதான் பாகுநிலையைக் காட்டிக்கொடுக்கும். அகல மேடுகளின் கீழுள்ள மீதிப் படலத்தை எலிப்சோமீட்டரில் (ஒளியால் படலத் தடிமன் அளக்கும் கருவி) அளக்கலாம். குறுகிய கோடுகளுக்கு வேஃபரை உடைத்து, குறுக்குவெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். அணுவிசை நுண்ணோக்கியை மட்டும் நம்பினால் ஒரு சங்கடம்: அது பள்ளத்தின் ஆழத்தைத்தான் சொல்லும், அடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லாது. ஊசி முனையால் ஓரிடத்தில் படலத்தை வேஃபர் வரை கீறிவிட்டு, அந்தக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டினால் இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும். கீறலின் இரு பக்கமும் பாலிமர் மேடிட்டு நிற்கும்; அதைத் தாண்டிச் சமமான இடத்திலிருந்து அளவெடுங்கள்.